காலை ஆறு மணிக் கணக்கு

அத்தியாயம் 4: வீட்டுச் சோலாருக்கு எவ்வளவு பெரிய இன்வெர்ட்டர்?

நாஞ்சில் நாட்டு வீடுகளில் மின்சாரத்துக்குக் கனமான நேரம் காலை ஆறுக்கும் ஆறரைக்கும் நடுவில் வந்து போய்விடுகிறது. தேங்காய் அரைக்காத கறி இந்தப் பக்கம் அபூர்வம். அவியலுக்குக் கரகரப்பாக ஒரு பதம், புளிக்கறிக்கு மையாக ஒரு பதம், தீயல் என்றால் வறுத்த தேங்காயை எண்ணெய் கக்கும்வரை அரைக்க வேண்டும். மிக்ஸி மூன்று தடவை ஓடும். அந்த நேரம் பார்த்து மேல்தொட்டி காலியாகும், யாராவது மோட்டாரைப் போடுவார்கள். பிரிட்ஜ் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருக்கும். படுக்கையறை மின்விசிறியை இன்னும் யாரும் அணைத்திருக்க மாட்டார்கள். மொட்டை மாடியில் அப்போதுதான் வெளிச்சம் வரத் தொடங்கியிருக்கும். சோலார் பேனலிலிருந்து சொல்லிக்கொள்கிற அளவுக்கு எதுவும் வந்திருக்காது.

இந்த அரை மணி நேரத்தை யார் தாங்குவது என்பதுதான் இன்வெர்ட்டர் அளவின் கேள்வி. கடைக்குப் போனால் முதலில் கேட்பது வேறு: “கரண்டு பில் எவ்வளவு வருது?” பில்லைப் பார்த்து எத்தனை பேனல் வேண்டும் என்று சொல்லலாம். ராத்திரி எத்தனை மணி நேரம் ஓட வேண்டும் என்பதைப் பார்த்து பேட்டரியைச் சொல்லலாம். இன்வெர்ட்டரின் அளவு இவை இரண்டிலும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு 150 யூனிட் மட்டுமே செலவழிக்கும் வீட்டிலும் மோட்டாரும் மிக்ஸியும் ஒரே நேரத்தில் ஓடலாம். 500 யூனிட் செலவழிக்கும் வீட்டில் அது ஒருபோதும் நடக்காமலும் இருக்கலாம். மாத யூனிட், வண்டி மாதத்தில் எத்தனை கிலோமீட்டர் ஓடியது என்று சொல்கிற கணக்கு. இன்வெர்ட்டர், மேட்டில் ஏறும்போது எத்தனை பேர் வண்டியில் இருந்தார்கள் என்கிற கணக்கு.

எந்த இன்வெர்ட்டரைப் பற்றிப் பேசுகிறோம்?

ஒரே பெயரில் மூன்று சாமான்கள் விற்கப்படுகின்றன. குழப்பத்தில் பாதி இங்கேதான் பிறக்கிறது.

ஆன் கிரிட் என்பது பேட்டரி இல்லாதது. பகலில் பேனல் தருவதை வீட்டுக்குக் கொடுத்து, மிச்சத்தை மின்வாரிய லைனுக்கு அனுப்பும். இதற்கு அளவைத் தீர்மானிப்பது பேனல்தான். உங்கள் மிக்ஸியோ மோட்டாரோ இதைக் கஷ்டப்படுத்த முடியாது, ஏனென்றால் கூடுதலாகத் தேவைப்படுவதை லைனே கொடுத்துவிடும்.

ஆஃப் கிரிட் அல்லது சோலார் பி.சி.யு. என்பது பேட்டரியோடு வருவது. மின்சாரம் போனால் வீட்டைத் தாங்குவது இதுதான். ஹைபிரிட் இரண்டு வேலையையும் செய்யும். இந்த இரண்டு வகைக்கும் காலை ஆறு மணிக் கணக்கு கட்டாயம்.

ஆன் கிரிட் போட்டவர்கள் முதல் மின்தடையில் அதிர்ந்துபோவதைப் பார்த்திருக்கிறேன். மேலே வெயில் காய்கிறது, மூன்று கிலோவாட் பேனல் இருக்கிறது, கீழே மின்விசிறி நிற்கிறது. இதில் பழுது ஒன்றுமில்லை. லைனில் மின்சாரம் நின்றதும் ஆன் கிரிட் இன்வெர்ட்டரும் நின்றாக வேண்டும். கம்பத்தில் ஏறி வேலை செய்கிற லைன்மேனின் கைக்கு உங்கள் மாடியிலிருந்து மின்சாரம் போய்விடக் கூடாது. இந்தப் பாதுகாப்பைச் சோதிக்க ஐ.எஸ். 16169 என்று தனி இந்தியத் தரமே இருக்கிறது. இதை முடக்கித் தருகிறேன் என்று யாராவது சொன்னால் அவரை வீட்டுக்குள் விடாதீர்கள்.

2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கி புயல் அடித்தபோது எங்கள் குமரி மாவட்டத்தில் தென்னையும் ரப்பரும் மின்கம்பங்கள் மேல் சரிந்தன. பல ஊர்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அப்படி ஒரு வாரம் மறுபடி வந்தால் ஆன் கிரிட் எதற்கும் உதவாது. அதனால் இங்கே சோலார் போடுகிறவர்களிடம் நான் சொல்வது: மானியத்தோடு ஆன் கிரிட் போடுவது பணத்துக்கு நல்லது. ஆனால் நாலு விளக்கு, இரண்டு மின்விசிறி, பிரிட்ஜ் இவற்றையாவது தாங்குகிற சின்ன பேட்டரி ஏற்பாடு ஒன்று தனியாக இருக்கட்டும்.

மீட்டர் முன்னால் ஐந்து நிமிடம்

சாமான்களின் வாட் கணக்கை எல்லோரும் பட்டியலாக எழுதித் தருவார்கள். அந்தப் பட்டியலை நம்புவதைவிட உங்கள் மீட்டரை நம்பலாம். மீட்டர் பெட்டியைத் திறந்தால் சிவப்பாக ஒரு சின்ன விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். அதன் பக்கத்திலேயே பொடி எழுத்தில் 3200 இம்பல்ஸ் என்றோ 1600 என்றோ அச்சிட்டிருக்கும். 3200 என்றால், அந்த விளக்கு 3200 தடவை மினுக்கினால் ஒரு யூனிட்.

வீட்டில் எல்லாவற்றையும் அணையுங்கள். பிரிட்ஜ் பிளக்கையும் கழற்றுங்கள். மினுக்கல் நிற்கும். இனி மோட்டாரை மட்டும் போட்டு, கையில் கடிகாரத்தோடு ஒரு நிமிடம் எண்ணுங்கள். எங்கள் வீட்டு அரைக் குதிரைத்திறன் மோட்டாருக்கு 32 தடவை மினுக்கியது. 32-ஐ 60-ஆல் பெருக்கி, 3200-ஆல் வகுத்தால் 0.6. அதாவது 600 வாட்.

குதிரைத்திறனை வாட்டாக மாற்றினால் அரைக்கு 373 வாட்தானே வரும்? வரும். அது மோட்டார் தண்ணீரைத் தள்ளுகிற பலம். அந்தப் பலத்தைக் கொடுக்க அது உங்களிடமிருந்து வாங்குவது 600. சூடாகவும் இரைச்சலாகவும் மிச்சம் போய்விடுகிறது. இன்வெர்ட்டருக்குத் தெரிந்தது வாங்குகிற கணக்கு மட்டுமே.

இந்த வித்தியாசத்தை நான் காசு கொடுத்துத்தான் தெரிந்துகொண்டேன். 2012-இல் தமிழ்நாடு முழுக்க நாள்தோறும் பல மணி நேரம் மின்வெட்டு. எங்கள் வீட்டிலும் ஒரு இன்வெர்ட்டர் வாங்கினோம். 850 வி.ஏ., ஒரு பேட்டரி. விற்றவர் 373 என்று கணக்குப் போட்டு, “மோட்டாரும் ஓடும்” என்றார். முதல் நாள் காலையில் மோட்டார் சுவிட்சைப் போட்டேன். விளக்குகள் மங்கின, இன்வெர்ட்டர் கீச்சென்று கத்தியது, வீடே இருண்டது. மறுபடி போட்டேன், மறுபடி இருண்டது. மூன்று வாரம் கழித்து உள்ளே ஒரு போர்டு கருகிவிட்டது. அம்மா அன்றைக்குக் கிணற்றில் இறைத்துத்தான் சமைத்தாள். 850 வி.ஏ. என்பது வாட்டில் ஏறக்குறைய 680 தான். ஓடும்போது 600 வாங்குகிற மோட்டார், புறப்படுகிற அந்த ஒரு நொடியில் அதைப் போல நாலைந்து மடங்கு இழுக்கும். 2,400 வாட்டுக்கு மேல். 680 வாட் இன்வெர்ட்டர் அதை எப்படித் தாங்கும்?

மீட்டர் மினுக்கலில் இந்தப் புறப்பாட்டு இழுப்பு தெரியாது, அது கண்ணிமைக்கும் நேரம்தான். அதற்குக் கைக்கணக்கு ஒன்று வைத்துக்கொள்ளலாம். தண்ணீர் மோட்டாருக்கு ஓடும் வாட்டைப் போல நாலிலிருந்து ஆறு மடங்கு. பழைய மாதிரி கம்ப்ரஸர் உள்ள பிரிட்ஜுக்கு ஐந்தாறு மடங்கு. ‘இன்வெர்ட்டர் கம்ப்ரஸர்’ என்று எழுதிய புது பிரிட்ஜ்கள் மெதுவாகப் புறப்படும், அவற்றுக்கு இந்தக் கவலை இல்லை. எல்.இ.டி. விளக்கு, டி.வி., மின்விசிறி இவற்றுக்கும் இது பொருட்டில்லை.

வி.ஏ. என்பதும் வாட் என்பதும்

இன்வெர்ட்டர் பெட்டியில் பெரிய எழுத்தில் இருப்பது வி.ஏ. உங்கள் வீட்டுச் சாமான்களில் இருப்பது வாட். இரண்டும் ஒன்றல்ல. வீட்டு இன்வெர்ட்டர்களில் பெரும்பாலும் வி.ஏ.-வை 0.8-ஆல் பெருக்கினால் வாட் கிடைக்கும். 1 கே.வி.ஏ. என்றால் 800 வாட், 2 கே.வி.ஏ. என்றால் 1,600 வாட். சில மாடல்கள் இதைவிடக் குறைவாகவும் சில முழுதாகவும் கொடுக்கும். பெட்டியின் பக்கவாட்டில் ஒட்டிய ஸ்டிக்கரில் வாட் தனியாக எழுதியிருக்கும், அதைப் பார்த்து வாங்குங்கள். வாட் எழுதாத பெட்டியை வாங்க வேண்டாம்.

சைன் வேவ் இன்வெர்ட்டர் மட்டுமே வாங்குங்கள். ஸ்கொயர் வேவ் மலிவு. ஆனால் அதில் மோட்டாரும் பிரிட்ஜும் சூடேறும், மின்விசிறி உறுமும். மிச்சம்பிடித்த பணம் ஒரு கம்ப்ரஸரில் போய்விடும். இதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை.

ஒரு வீட்டுக் கணக்கு

வடசேரியில் எங்கள் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு அக்கா இருக்கிறார். அவர் வீட்டுக்காரர் கோயில் நகைக்குக் கல் பதிக்கிறவர். நாகர்கோவில் கோயில் நகை புவிசார் குறியீடு வாங்கிய தொழில். இந்த ஊர்த் தெருக்களில் வீட்டு முன்கூடமான தார்சாவிலேயே பலகையைப் போட்டு வேலை பார்ப்பார்கள். போன ஐப்பசி மழையில் அக்கா கூப்பிட்டார்.

“தம்பி, கடைக்காரன் மூணரை கே.வி.ஏ. எடுக்கணும்னு சொல்லுகான். நாலு பேட்டரியாம். இவ்வளவு வேணுமா? நீ ஒரு தடவ வந்து பாத்துச் சொல்லு.”

காலை ஆறு மணிக்குப் போனேன். அந்த நேரத்துக்குப் போனால்தான் உண்மை தெரியும். பழைய மின்விசிறி மூன்று, ஒவ்வொன்றும் 75 வாட், ஆக 225. விளக்குகள் எல்லாம் சேர்த்து 75. பிரிட்ஜ் ஓடும்போது 120. மிக்ஸி 750 வாட் என்று அடியில் எழுதியிருந்தது. தேங்காய் அரைக்கையில் அதற்குக் கீழேதான் இழுக்கும், ஆனாலும் முழுக்கணக்கில் வைத்தேன். வைஃபை பெட்டி 10. கூட்டினால் 1,180 வாட். அடுத்து மோட்டார் 600. ஆக 1,780.

கணக்கில் கால் பங்கு கூடுதலாக வைப்பது என் வழக்கம். நாளைக்கு ஒரு புது சாமான் வரும், வெயில் நாளில் இன்வெர்ட்டர் தானே சூடாகிச் சற்றுச் சோரும். மோட்டாரோடு சேர்த்தால் 2,225 வாட். 0.8-ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,780 வி.ஏ. ஆக 3 அல்லது 3.5 கே.வி.ஏ. கடைக்காரர் சொன்னது பொய்யில்லை. எல்லாம் ஒரே நேரத்தில் ஓடும் என்று எடுத்துக்கொண்டால் அதுதான் அளவு.

மோட்டாரை மட்டும் இன்வெர்ட்டர் லைனிலிருந்து பிரித்தால்? 1,180-உடன் கால் பங்கு சேர்த்து 1,475. வகுத்தால் 1,850 வி.ஏ.-க்குக் கிட்ட. 2 கே.வி.ஏ. போதும். புறப்பாட்டு இழுப்பையும் பார்த்துவிடலாம். மோட்டார் லைனில் இருந்தால் ஒரு நொடிக்கு 3,500 வாட்டைத் தாண்டும். இல்லையென்றால், மிக்ஸி ஓடும்போது பிரிட்ஜ் புறப்பட்டால் 1,800 வாட்டுக்குக் கிட்ட வரும். நல்ல 2 கே.வி.ஏ. சைன் வேவ் பெட்டி ஒரு நொடிக்கு அதைத் தாங்கும். அதிலும் உள்ளே கனமான டிரான்ஸ்பார்மர் உள்ள பெட்டி இப்படிப்பட்ட திடீர் இழுப்புக்கு நிற்கும். தூக்கிப் பார்த்தாலே தெரியும், பாரமாக இருக்கும்.

அக்காவுக்கு ஒரு கேள்வி இருந்தது. “மோட்டார் ஓடாட்டா தண்ணிக்கு எங்க போக?”

“மழைக்காலத்தில பகல் பதினோரு மணிக்கு மெயின் லைன்ல மோட்டாரைப் போட்டுத் தொட்டிய நிறச்சிருங்க அக்கா. ஆயிரம் லிட்டர் தொட்டி ஒரு நாளைக்குக் காணும். புயல் வரும்னு சொன்னா முந்தின நாளே நிறச்சு வையுங்க.”

“அதும் போச்சுன்னா கிணத்துல வாளி கெடக்கு” என்றார் அவரே.

இந்த ஒரே ஒரு முடிவில் என்ன மிச்சமாகிறது என்று பாருங்கள். 2 கே.வி.ஏ. பெட்டிகள் பெரும்பாலும் 24 வோல்ட், இரண்டு பேட்டரி. 3.5 கே.வி.ஏ. பெட்டிகள் பெரும்பாலும் 48 வோல்ட், நாலு பேட்டரி. பெட்டியின் விலை வித்தியாசத்தைவிட இந்த இரண்டு பேட்டரியின் விலை பெரிது. நாலைந்து வருஷத்துக்கு ஒருமுறை அதை மறுபடி மாற்றவும் வேண்டும். மோட்டாரின் நேரத்தை ஆறிலிருந்து பதினொன்றுக்குத் தள்ளுவதற்குக் காசு கிடையாது.

வோல்ட் ஏன் கூடுகிறது என்று கேட்பார்கள். 1,000 வாட்டை 12 வோல்ட் பேட்டரியிலிருந்து எடுத்தால் 83 ஆம்பியர், இன்வெர்ட்டரின் நஷ்டத்தையும் சேர்த்தால் நூறுக்குக் கிட்ட ஓடும். பேட்டரி வயர் சூடாகும், திருகு கொஞ்சம் தளர்ந்தாலும் முனை கருகும். 24 வோல்ட் என்றால் அதில் பாதிதான் ஓடும். ஒரு கே.வி.ஏ.-க்கு மேல் போகிறவர்கள் 12 வோல்ட்டை மறந்துவிடுவது நல்லது.

வீட்டுக்காரர் தார்சாவிலிருந்து கேட்டது வேறு. கல் பதிக்கும்போது மின்சாரம் போய் வந்தால் விளக்கு ஒரு கணம் வெட்டும், கை நழுவும். வயர்மேனிடம் சொல்லி யு.பி.எஸ். மோடில் வைக்கச் சொன்னேன். அதில் மாறுகிற நேரம் ஒரு நொடியில் நூறில் ஒரு பங்கு, கண்ணுக்குத் தெரியாது. சாதாரண மோடில் அதைப் போல மூன்று நாலு மடங்கு ஆகும். கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்களுக்கும் இது பொருந்தும்.

பெரிதாகப் போட்டால் என்ன நஷ்டம்?

‘எதற்கும் இருக்கட்டும்’ என்று பெரிதாக வாங்குவது நம் பழக்கம். பாத்திரத்துக்கும் வீட்டுக்கும் அது சரியாக இருக்கலாம். இன்வெர்ட்டர், வேலை ஒன்றும் செய்யாமல் விழித்திருப்பதற்கே மின்சாரம் தின்னும். பெரிய டிரான்ஸ்பார்மர் பெட்டி 50 வாட்டுக்கு மேலும் தின்னலாம். 50 வாட் என்றால் ஒரு நாளைக்கு 1.2 யூனிட். ஒரு கிலோவாட் பேனல் நல்ல வெயில் நாளில் தருவது சுமார் 4 யூனிட். அதில் கால் பங்குக்கும் மேல் பெட்டிக்கே போய்விடுகிறது. அடைமழை நாளில் பேனல் தருவது ஒன்றரை யூனிட்டாகச் சுருங்கினால், கிட்டத்தட்ட எல்லாமே அதற்குத்தான். குமரி மாவட்டத்துக்குத் தென்மேற்குப் பருவமழையும் உண்டு, வடகிழக்கும் உண்டு. மேகமான நாட்கள் இங்கே கிழக்கு மாவட்டங்களைவிட அதிகம். பெரிய பெட்டியின் பசி இங்கே கூடவே உறுத்தும்.

வாங்கும்போது ‘நோ லோடு’ என்று கேளுங்கள். சும்மா இருக்கும்போது எத்தனை வாட் என்பது அது. விவரத்தாளில் இருக்கும். சொல்லத் தெரியாத கடையாக இருந்தால் விவரத்தாளையே கேட்டு வாங்கிப் பாருங்கள்.

மின்விசிறியை மாற்றுவது பேட்டரி வாங்குவதற்குச் சமம்

இதை இந்த அத்தியாயத்தில் சொல்லியே ஆக வேண்டும். அக்கா வீட்டு ராத்திரிக் கணக்கு இது: மின்விசிறி இரண்டு, 10 மணி நேரம், 75 வாட் வீதம் 1,500 வாட் அவர். பிரிட்ஜ் 500. விளக்கு 200. டி.வி. 240. மொத்தம் 2,440. இன்வெர்ட்டர் நூறு வாங்கினால் 85 தான் கொடுக்கும், எனவே பேட்டரியிலிருந்து எடுக்க வேண்டியது 2,870.

150 ஆம்பியர் அவர் டியூபுலர் பேட்டரி இரண்டு என்றால் காகிதத்தில் 3,600. ஈயப் பேட்டரியில் பாதிக்கு மேல் தினமும் இறக்கினால் அதன் ஆயுள் குறையும். ஆக, கையில் உள்ளது 1,800. ஆயிரத்துக்கு மேல் துண்டு விழுகிறது.

அந்த இரண்டு மின்விசிறியையும் பி.எல்.டி.சி. ஆக்கினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 30 வாட். 1,500 என்பது 600 ஆகிவிடும். மொத்தம் 1,540, நஷ்டம் சேர்த்தால் 1,810. இரண்டு பேட்டரியில் ராத்திரி இழுத்துப் பிடித்து முடிகிறது. காலை ஆறு மணிச் சுமையும் குறைகிறது. மூன்றாவது மின்விசிறியையும் மாற்றினால் இன்னும் நல்லது. நான் பார்த்தவரை சோலாருக்குப் பணம் ஒதுக்குகிற வீட்டில் முதல் செலவாக இருக்க வேண்டியது இதுதான். விற்கிறவர்கள் யாரும் இதை முதலில் சொல்வதில்லை.

லித்தியம் பேட்டரி போடுகிறவர்கள் எண்பது சதவீதத்துக்கு மேல் எடுக்கலாம், ஆயுளும் நீளம், முதல் செலவு கூடுதல். உங்கள் இன்வெர்ட்டரில் லித்தியம் அமைப்பு இருக்கிறதா என்று பார்த்த பிறகே வாங்க வேண்டும்.

பேனலின் முதுகில் எழுதியிருப்பது

வாட் கணக்கு சரியாக வந்த பிறகும் ஒரு இடத்தில் பெட்டி கருகும். பேனலைத் திருப்பிப் பாருங்கள். முதுகில் ஒட்டிய தாளில் வி.ஓ.சி. என்று ஒரு எண் இருக்கும். 540 வாட் பேனலில் அது 49.5 வோல்ட்டை ஒட்டி இருக்கும். ஒன்றும் இணைக்காமல் வெயிலில் வைத்தால், 25 டிகிரியில் அந்தப் பேனல் தருகிற உச்ச வோல்ட் அது.

இரண்டு பேனலைத் தொடராக இணைத்தால் 99. இன்வெர்ட்டரின் சோலார் வாசலில் ‘அதிகபட்சம் 100’ என்று எழுதியிருந்தால்? ஒரு வோல்ட்தான் இடைவெளி. பேனல் குளிர்ந்தால் வோல்ட் கூடும். மழை நின்ற காலையில், 22 டிகிரியில் நனைந்து கிடக்கும் பேனல் மேல் மேகம் விலகித் திடீரென்று வெயில் விழுந்தால் 99.8-க்குப் போகும். டெல்லிக் குளிரில் இது 105-ஐத் தாண்டும், நமக்கு அந்தக் குளிர் இல்லை என்பது ஒரு நிம்மதி. ஆனாலும் ஒரு வோல்ட் இடைவெளியில் ஐந்தாறு வருஷம் ஓட்டக் கூடாது. எல்லையில் பத்து சதவீதமாவது காலியாக இருக்க வேண்டும். இப்படிப்பட்ட பெட்டிக்கு இரண்டையும் பக்கவாட்டாக இணைக்கச் சொல்லுங்கள். வோல்ட் 49.5-இல் நிற்கும், ஆம்பியர் இரட்டிக்கும், வயர் அதற்கேற்பத் தடிமனாக இருக்க வேண்டும். வோல்ட் எல்லையைத் தாண்டிக் கருகிய பெட்டிக்கு வாரண்டி கிடைக்காது.

எம்.பி.பி.டி., அதாவது பேனல் தன் முழுப் பலத்தையும் தருகிற வோல்ட்டிலேயே அதை ஓட்டும் ஏற்பாடு, உள்ள பெட்டியாக இருக்கட்டும். பி.டபிள்யூ.எம். என்று மலிவாக வருவதில் இந்த 540 வாட் பேனலைப் போட்டால், பேனல் 41 வோல்ட்டில் தரக்கூடியதை அது பேட்டரியின் 26, 27 வோல்ட்டுக்கு இழுத்துக் கீழே கொண்டுவந்துவிடும். மூன்றில் ஒரு பங்கு வெயில் வீண்.

தென்னை நிழலையும் இங்கேயே பார்த்துவிடலாம். தொடராக இணைத்த பேனல்களில் ஒன்றின் மேல் ஓலை நிழல் விழுந்தாலும் மற்றவையும் சோரும். அக்கம்பக்கத்துத் தென்னை உங்கள் மாடியில் சாயங்காலம் மூன்று மணிக்கு எங்கே நிழல் போடுகிறது என்று ஒரு நாள் ஏறிப் பாருங்கள். நிழல் தவிர்க்க முடியாத மாடி என்றால் இரண்டு எம்.பி.பி.டி. வாசல் உள்ள பெட்டி அல்லது பேனலுக்கு ஒன்றாக மைக்ரோ இன்வெர்ட்டர். ஒரு பருவத்தில் பார்த்தது மறு பருவத்தில் பொருந்தாது. நம் ஊர் எட்டு டிகிரி அட்சரேகையில் இருப்பதால் ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்திருக்கும். மற்ற மாதங்களில் தெற்கே.

ஆன் கிரிட் போடுகிறவர்களுக்கு

இங்கே கணக்கு சின்னது. 540 வாட் பேனல் ஆறு என்றால் 3,240 வாட். இதற்கு 3 கிலோவாட் இன்வெர்ட்டர் போதும். பேனலின் வாட் 25 டிகிரியில் சோதித்துச் சொன்னது. நம் மொட்டை மாடியில் நடுப்பகலில் பேனலின் உடம்பு 60 டிகிரிக்குப் போகும். ஒரு டிகிரிக்கு 0.35 சதவீதம் என்று குறைந்தால் 12 சதவீதம் போய்விடும். மிச்சம் 2,850. அதற்காக 4 கிலோவாட் பெட்டி வாங்குவது வீண் செலவு.

மானியம் வேண்டுமென்றால் மறுபக்கமும் பார்க்க வேண்டும். 2024-இல் வந்த பி.எம். சூர்யா கர் திட்டத்தில் முதல் 2 கிலோவாட்டுக்குக் கிலோவாட்டுக்கு 30,000 ரூபாய், மூன்றாவது கிலோவாட்டுக்கு 18,000, ஆக உச்சம் 78,000. பேனலின் கிலோவாட், இன்வெர்ட்டரின் கிலோவாட் இரண்டில் எது குறைவோ அதுதான் கணக்கில் வரும். 3,240 வாட் பேனலுக்கு 2.5 கிலோவாட் பெட்டி போட்டால் மானியம் இரண்டரைக்குத்தான். பேனல் உள்நாட்டிலேயே செய்த டி.சி.ஆர். வகையாகவும் இருக்க வேண்டும். மின் இணைப்பு அட்டையில் உங்கள் வீட்டுக்கு எத்தனை கிலோவாட் அனுமதி என்று இருக்கும், விண்ணப்பிக்கும் முன் அதையும் பார்த்துவிடுங்கள்.

எங்கே மாட்டுவது

தகரச் சாய்ப்புக்குக் கீழே மாட்டாதீர்கள், மதியம் அது அடுப்பு. அடுக்களைச் சுவரிலும் வேண்டாம், எண்ணெய்ப் புகை படிந்து உள்ளே விசிறி அடைபடும். காற்றோட்டமான தார்சா மூலை நல்லது. ஈயப் பேட்டரி சார்ஜ் ஆகும்போது வாயு விடும், மூடிய அலமாரிக்குள் வைக்கக் கூடாது. முட்டம், குளச்சல் பக்கம் கடலோரத்தில் இருப்பவர்கள் வெளியே மாட்டும் பெட்டிக்கு, தூசும் தண்ணீரும் புகாது என்பதற்கான ஐ.பி. 65 குறி இருக்கிறதா பாருங்கள், உப்புக் காற்று பலகைகளைத் தின்றுவிடும். துலா மாத இடி இங்கே பலமாக இருக்கும். பேனல் பக்கமும் மெயின் பக்கமும், இடியின் பாய்ச்சலைத் தடுக்கும் எஸ்.பி.டி. போட்டு, தனி எர்த் அடித்துத்தான் ஆக வேண்டும். இதில் கஞ்சத்தனம் செய்த வீடுகளில்தான் முதல் இடியிலேயே பெட்டி போனதைப் பார்த்திருக்கிறேன்.

மாட்டி முடித்த நாளில், வயர்மேன் சாமானை எடுத்து வைப்பதற்குள் அவரையே மெயினை இறக்கச் சொல்லுங்கள். மின்விசிறி எல்லாவற்றையும் போடுங்கள். பிரிட்ஜ் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்தால் கம்ப்ரஸர் புறப்படும், அதுவரை காத்திருங்கள். பிறகு மிக்ஸி. வெறும் ஜாரைச் சுற்றிப் பார்த்துத் திருப்திப்பட வேண்டாம். ஒரு மூடித் தேங்காயைத் துருவிப் போட்டு, குறைந்த தண்ணீரில், தீயலுக்கு அரைக்கிற பதத்துக்கு அரையுங்கள். அக்கா வீட்டில் அப்படித்தான் பார்த்தோம். பெட்டியின் திரையில் சுமை எழுபது சதவீதத்தைத் தொட்டு நின்றது, விளக்கு மங்கவில்லை. மீட்டர் பெட்டிக் கதவின் உட்பக்கத்தில் அக்கா ஒரு தாளை ஒட்டி, அன்றைய தேதியையும் அந்த எழுபதையும் எழுதி வைத்தார். கீழே பெரிய எழுத்தில் இன்னொரு வரி: மோட்டார் பதினோரு மணிக்கு.